வலது மூலையில் ஒரு கட்டம்

5 ஜூலை 1996, வெள்ளி

விடியற்காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த புடவை இன்னும் ஈரம். ரெகார்டு ரூம் ஜன்னலோரம் ஒழுகல், பக்கெட் வைத்தாயிற்று. கேட்டால் "மேலே எழுதிப் போட்டிருக்கு" என்கிறார்கள். மூன்று மழைக்காலமாக அந்தக் காகிதம் மேலேயே இருக்கிறது.

இன்று முடித்தது 41 கேஸ் ஷீட். பாக்கி ஒரு அலமாரி.

சாயங்காலம் சுசீலா ஃபேக்டரியிலிருந்து நேரே என்னிடம் வந்தாள். இரண்டு நாளாக இடது நெற்றியில் எரிச்சலாம். தலை வாரக்கூட முடியவில்லையாம். பார்த்தேன். சின்னச் சின்னக் கொப்புளம். மூக்கு நுனியில் ஒன்று. கண் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். நான்தான் விடவில்லை. "முன்பின் தெரியாத இடத்துல போய் எங்கே நிக்கப் போற? இங்கே நம்ம லீலா நர்ஸா இருக்கா."

காஷுவாலிடியில் லீலாவுக்குத்தான் ட்யூட்டி. சீட்டு, வரிசை எதுவும் இல்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். ட்யூட்டி டாக்டர் புதுசு, முதலாளியின் மாப்பிள்ளை. டார்ச் அடித்தார், இரண்டு நிமிஷம். "அலர்ஜி." களிம்பு, மாத்திரை. முடிந்தது.

தங்கச்சியை வரிசையில் நிற்க விடவில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை. வரும் வழியில் அவளுக்கு மசால் தோசை வேறு.

6 ஜூலை, சனி

காஷுவாலிடி ஷீட்டுகள் வந்தன. அதில் சு.வின் ஷீட்டும்.

சு.வின் வீட்டுக்காரர் கணேசன் என் வேலையை "நம்பர் எழுதற வேலை" என்று கிண்டல் செய்வார். உண்மைதான். டாக்டர் எழுதிய நோய்க்குத் தடிப் புத்தகத்தில் எண் தேடி, ஷீட்டின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுத வேண்டும். ஒரே சட்டம்: எழுதியிருப்பதற்குத்தான் எண். எழுதாததற்கு இல்லை.

டாக்டர் எழுதியிருந்தது: தோல் அலர்ஜி. அதற்குக் கீழே லீலாவின் உருண்டைக் கையெழுத்தில் நர்ஸ் குறிப்பு: இடது நெற்றியில் கொப்புளங்கள், மூக்கு நுனியில் ஒன்று, வலி, இரண்டு நாள்.

பென்சில் அப்படியே நின்றது. மூக்கு நுனி. கண் டாக்டர் எழுதும் அக்கி ஷீட்டுகளில் இந்த மூக்கு நுனி வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை அவர் கையெழுத்து புரியாமல் கேட்கப் போனபோது சொன்னார்: "அங்கே கொப்புளம் வந்தா அடுத்தது கண்ணுன்னு வெச்சுக்கங்கம்மா." அதற்கு எண் 053.2. புத்தகம் பார்க்காமலே தெரியும்.

லீலாவிடம் ஓடினேன். சிரித்தாள். அவளுடைய கன்னடமும் தமிழும் கலந்த பேச்சில்: "நோடு மல்லிகா, டாக்டரே சொல்லியாச்சு. நீ புக் பார்த்து நம்பர் ஹாக்கறவ. அவர் எம்.டி."

நானும் சிரித்தேன். மேலே வந்து 692.9 எழுதினேன். அலர்ஜிக்கு அதுதான் எண்.

கண் டாக்டர் வருவது செவ்வாயும் சனியும். இன்று சனி. அவர் ஸ்கூட்டர் ஒரு மணி வரை கீழேதான் நின்றது. ஜன்னலில் பார்த்தேன், இறங்கிப் போகவில்லை.

10 ஜூலை, புதன்

வாங்க வேண்டியது: து. பருப்பு, ரின், இவருக்குப் பனியன், மண்ணெண்ணெய் (க்யூ!).

நேற்று சு. வீட்டுக்குப் போனேன். நெற்றி முழுக்க ரத்தச் சிவப்பு. களிம்பு போட்டுப் போட்டு எரிச்சல்தான் மிச்சம். மாமியார் ஹனூரிலிருந்து ஒரு குயவரையே கூட்டி வந்துவிட்டார்கள். காவியைக் கரைத்துக் கோழி இறகால் நெற்றியில் சிங்கம் வரைந்து அக்கி எழுதியாயிற்று.

மாமியார்: "ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே அம்முணி. அக்கி எழுதிப்போட்டா மூணு நாள்ல ஒணங்கிப் போயிருமுங்க."

நான் என்ன சொல்ல? எங்கள் ஆஸ்பத்திரி ஒன்றுமில்லை என்றுதான் சொன்னது. நானும் சும்மா இருந்தேன்.

சு.வுக்கு வெட்கம். லென்ஸ் வைத்து மயிர் போன்ற கம்பி கோக்கிற வேலை அவளுக்கு. ஹெப்பாள் ஃபேக்டரியில் அந்த லைனில் இருப்பதெல்லாம் படித்த பெண்கள். "சிங்கம் போட்டுக்கிட்டேன்னு தெரிஞ்சா ஓட்டியே கொன்னுடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதக்கா." கணேசன், மாமியார், நான், அவள். நாலு பேர். குயவர் ஊருக்குப் போய்விட்டார்.

மத்தியானம் டிபன் திறந்ததும் லீலாவிடம் சொன்னேன். லீலா என்ன வேற்று ஆளா? பதினெட்டு வருஷமாக என் சட்னியைத் தின்கிறவள். "சிம்ஹவா?" என்று வாய் பிளந்தாள். இரண்டு பேரும் சிரித்தோம். யாருக்கும் சொல்லாதே என்றேன். "சேச்சே."

12 ஜூலை, வெள்ளி

இடது கண் திறக்கவில்லை. வெளிச்சம் பட்டால் அலறுகிறாள். கணேசன் ஆட்டோவில் கொண்டு வந்தார். உடனே அட்மிஷன். பழைய மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி ஃபைலோடு பின் செய்தாள் லீலா. வழக்கம்தான்.

மாமியார் வராண்டாவில் அழுகை. காவியை அவசர அவசரமாக ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். புருவத்தில் கொஞ்சம் மிச்சம்; யாரும் பார்க்கும் முன் நானே துடைத்தேன்.

13 ஜூலை, சனி

கண் டாக்டர் பார்த்தார். அக்கி கண்ணுக்குள் போய்விட்டது. கருவிழி புகைந்திருக்கிறது. வார்டிலேயே, எல்லோர் முன்னாலும்: "முதல் நாளே மாத்திரை ஆரம்பிச்சிருக்கணும். மூக்குல கொப்புளம் இருந்திருக்குமே. யார் பார்த்தது?"

மாப்பிள்ளை டாக்டர் பக்கத்தில்தான். ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார், விரித்தார். லீலா தரையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

053.2 எழுத வேண்டிய ஷீட் ஒருநாள் என் மேஜைக்கு வரும். என் தங்கச்சி பெயர் போட்டு வரும்.

18 ஜூலை, வியாழன்

நல்ல விஷயம் ஒன்று, எழுதி வைக்கிறேன். புது கேஸ் ஷீட் பாரங்கள் பிரஸ்ஸிலிருந்து வந்தன. பத்துக் கட்டு. சலானில் நான்தான் தேதி போட்டுக் கையெழுத்து. புதுசில் வலது மேல் மூலையில் நோய் எண்ணுக்கென்றே அச்சடித்த கட்டம்! எத்தனை லெட்டர் எழுதியிருப்பேன் இந்தக் கட்டத்துக்கு. ஓரத்தில் எழுதினால் பஞ்சிங் ஓட்டையில் பாதி எண் போய்விடுகிறது என்று. இனிமேல் போகாது.

லீலா காலை ரயிலில் நஞ்சன்கூட்டிலிருந்து வரும்போது ரசபாளை வாழைப்பழம் இரண்டு கொண்டு வந்திருந்தாள். "உன் பாக்ஸ் பந்துபிட்டு கணே!" என் கட்டம் வந்துவிட்டதாம். ஆளுக்கு ஒன்று.

பழைய பாரத்தில் மிச்சம் இருந்ததைப் பின்பக்கம் எழுத வார்டுகளுக்குக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று எனக்கு. இருக்கட்டும் என்று.

24 ஜூலை, புதன்

டிஸ்சார்ஜ். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இவ்வளவுதான் வரும் என்று சொல்லிவிட்டார் கண் டாக்டர். நெற்றி வலி மாதக்கணக்கில் இருக்குமாம்.

வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டாள். "இனிமே என் வலது பக்கமே வாக்கா. அப்பத்தான் நீ இருக்கிறது தெரியும்."

வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். இவர் கதவைத் தட்டி, தண்ணீர் நின்றுவிடும் என்றார்.

2 ஆகஸ்ட், வெள்ளி

ஆஷாட வெள்ளி. மலைமேல் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நடை. செருப்பு அறுந்தது.

சு.வுக்கு ஃபேக்டரியிலிருந்து லெட்டர். லென்ஸ் லைன் இனி முடியாது. ஒழுங்காக வைத்தியம் பார்த்தும் கண் போனது என்றால் பேக்கிங் செக்ஷனில் போடுவார்களாம். வைத்தியம் வேண்டாம் என்று தானே கெடுத்துக்கொண்டது என்றால் வேலை இல்லை. ஆஸ்பத்திரி ரெகார்டிலிருந்து எழுதி வாங்கி அனுப்பணும். 8ஆம் தேதி நேரில் வரணும்.

"உன் கையாலதானேக்கா எழுதப் போற? எனக்கென்ன பயம்?"

கணேசன் சென்ட்ரிங் வேலை. மழைக்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் பெரிசு. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

5 ஆகஸ்ட், திங்கள்

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஃபைல் எடுத்தேன். முதலில் 5ஆம் தேதி ஷீட். லீலா கையெழுத்து, டாக்டர் கையெழுத்து, தேதி 5, நேரம் எல்லாம் சரி. படிக்கிறேன்: அக்கி என்று சந்தேகம். அட்மிஷனும் மறுநாளே கண் டாக்டரும் ஆலோசனை சொல்லப்பட்டது. நோயாளி மறுத்தார். நாட்டு வைத்தியமாக நெற்றியில் காவி எழுதிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

இரண்டு தடவை படித்தேன். மூக்கு நுனி இல்லை. அலர்ஜி இல்லை. என் 692.9 இல்லை. பின் செய்த மருந்துச் சீட்டும் இல்லை, பின் இருக்கிறது. அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கே ஒரு நிமிஷம் குழப்பம். என் ஞாபகம்தான் தப்போ? பிறகு வலது மேல் மூலையைப் பார்த்தேன்.

கட்டம். காலியாக. என் கட்டம்.

5ஆம் தேதி ஷீட்டில் 18ஆம் தேதி வந்த கட்டம். ஓரத்தில் எண் எழுதுவதா மூலையில் எழுதுவதா என்று டாக்டருக்கு என்ன கவலை? நர்ஸுக்கு என்ன கவலை? மேலே இருந்த புதுப் பாரக் கட்டிலிருந்து ஒன்றை உருவி எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டத்தைப் பார்க்கிற ஆள் இந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான்.

அது கூடப் பரவாயில்லை. காவி. 5ஆம் தேதி காவியைப் பற்றி சு.வுக்கே தெரியாது. குயவர் வந்தது 9ஆம் தேதி. ஆஸ்பத்திரியில் காவி தெரிந்த காது ஒன்றே ஒன்று. நான் ஊற்றிய காது.

சாப்பிடவில்லை. டிபனைக் கழுவி வைத்தேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

வெயில். லீலாவை ஸ்டெரிலைசர் ரூமில் பிடித்தேன். ஷீட்டை நீட்டினேன். கையில் வாங்கவில்லை.

"அவர் சொன்னார், நான் பரெதேன், எழுதிட்டேன் மல்லிகா. ட்யூட்டி டாக்டர் சொன்னா நான் ஏனு மாடோது, என்ன செய்யறது?"

"காவியும் அவர் சொன்னதா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆவி சத்தம் மட்டும்.

"காவி யார் சொன்னது லீலா?"

"ஏதாவது ரீசன் வேணும்னார். சும்மனே வாய்ல வந்துச்சு. என் பொண்ணு அவங்க காலேஜ்லதான் நர்சிங் சேரப் போறா, உனக்கே கொத்து, தெரியுமே. சீட் அவர் கையில." பிறகு கொஞ்சம் கோபத்தோடு: "கண்ணு போனது போச்சு. பேப்பர்ல என்ன இருந்தா உன் தங்கிக்கு என்ன?"

"அவ வேலை போகும்."

"அது எனக்கு கொத்தில்லா." முகம் வெளுத்துப்போயிற்று. உண்மையாகவே தெரியாது போல. ஆனாலும் திருத்தி எழுதித் தருகிறேன் என்று சொன்னாளா? இல்லை. ஸ்டெரிலைசர் மூடியைத் திறந்து கத்தரி எண்ண ஆரம்பித்தாள்.

டாக்டர் மேல் எனக்கு ஆத்திரமே வரவில்லை, ஆச்சரியம். அவன் யாரோ. இவளுக்குப் பிரசவத்தில் நான் ரத்தம் கொடுத்தேன். இவள் பெண்ணுக்கு முதல் யூனிஃபார்ம் நான் தைத்தேன். எரிகிறது. நம்பினேனே என்று எரிகிறது.

மத்தியானம் அவள் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

7 ஆகஸ்ட், புதன்

எம்.எஸ். (மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட்) ரூம். பெரிய டாக்டர், அறுபது வயசு, என்னை "நம்ம மல்லிகாம்மா" என்றே சொல்வார். மேஜையில் மூன்றையும் வைத்தேன்: அந்த ஷீட், நான் எடுத்து வைத்த பழைய பாரம், பிரஸ் சலான். சொன்னேன். ஒன்று விடாமல் முழுசாகச் சொன்னேன்.

சலானைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. நம்பிக்கை வந்தது எனக்கு.

கண்ணாடியைக் கழற்றினார். "மல்லிகாம்மா, பரெதிரோதக்கே தானே நம்பர்? எழுதியிருக்கிறதுக்குத்தானே? உங்க ரூல்தானே இது. இத்தனை வருஷம் எல்லாருக்கும் நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

"சார், அது..."

"பாக்ஸ் காலியா இருக்கு. நம்பர் ஹாக்கி, போடுங்க. ரெகார்டுல இருக்கிறபடி சம்மரி எழுதிக் கொண்டாங்க."

என் சட்டத்தை எடுத்து என் வாயிலேயே அடைத்தார். அன்றைக்கு அதே சட்டத்தை வைத்துத்தானே நானும் 692.9 எழுதினேன். அதையும் எழுதி வைக்கிறேன், இங்கே பொய் சொல்லி என்ன?

"எழுத மாட்டேன் சார்." இதைச் சொன்னது நான்தான். வெளியே வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

சம்மரியை டைப்பிஸ்ட் அடித்தான். எம்.எஸ். கையெழுத்து, கவர், அரக்கு. கட்டத்தை மட்டும் நான் நிரப்பவில்லை.

ஐந்து மணிக்கு தேவராஜ மொஹல்லாவில் ஜெராக்ஸ். ஷீட், பழைய பாரம், சலான். என் அலமாரியிலிருந்து இதுவரை ஒரு காகிதம் வெளியே போனதில்லை. கடைக்காரன் "எஷ்டு ஜெராக்ஸ், எத்தனை?" என்று கேட்டதும் திருடி மாதிரி திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கடையில் பூ வாங்கினேன், ஏன் என்று தெரியவில்லை.

8 ஆகஸ்ட், வியாழன்

லீவு சொல்லவில்லை. சொல்லி என்ன.

சு.வும் நானும் காலை பஸ்ஸில் ஹெப்பாள். நான் அவளுக்கு வலது பக்கம். நல்ல புடவை கட்டியிருந்தாள். ஜெராக்ஸ் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை, பயந்துவிடுவாள் என்று.

ஃபேக்டரியின் பெர்சொனல் ஆபீஸர் தமிழர்தான், கோலார் தங்கவயல் பக்கம். கவரைப் பிரித்தார். "வைத்தியம் வேண்டாம்னுட்டுப் போயிருக்கீங்களேம்மா. ஆஸ்பத்திரியே எழுதியிருக்கு." சு. என்னைப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணால், கழுத்தை முழுசாகத் திருப்பி.

நான் ஜெராக்ஸை விரித்தேன். எத்தனை தெளிவாகச் சொன்னேன் தெரியுமா! பழைய பாரம் இது, கட்டம் இல்லை. புதுப் பாரம் இது, கட்டம் இருக்கிறது. வந்த தேதி இது, வாங்கியது நான். 5ஆம் தேதி இந்தக் காகிதமே ஊரில் இல்லை சார். சிவப்புப் பென்சிலைக்கூட எடுத்து வட்டம் போட்டுக் காட்டினேன்.

அவர் சலானையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஸ்டோர்ஸ்லயும் ஒருத்தன் இப்படித்தான் மாட்டினான்," என்றார். பிறகு அந்த ஷீட்டை மெதுவாக, ஒவ்வொரு வரியாக, தமிழில் வாய்விட்டே படித்தார். மறுத்தார். நாட்டு வைத்தியம். நெற்றியில் காவி.

எனக்குக் கட்டம் மட்டும்தான் கண்ணில். அவர் என்ன படிக்கிறார் என்பதே காதில் விழவில்லை.

"சரிம்மா. திங்கட்கிழமை பேக்கிங்குக்கு வந்துடுங்க. ஆஸ்பத்திரியோட நாங்க பேசிக்கறோம்."

ஜெயித்தோம். கேட்டுக்கு வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு, அழுகை, இரண்டும். நாளை என் வேலை இருக்குமா தெரியாது, இருந்தாலும் சிரிப்பு. நேற்று வாங்கிய பூ பையில் வாடிக்கிடந்தது. எடுத்து அவள் தலையில் வைத்தேன். சு. சும்மா நின்றாள்.

பஸ்ஸில் லேடீஸ் சீட்டு கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கம், நான் அவளுக்கு வலது பக்கம். இரண்டு ஸ்டாப் தாண்டியது.

"காவி விஷயம் அவங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

கண்டக்டர் சில்லறை கேட்டார். கொடுத்தேன்.

"வீட்டுக்குள்ள நாலு பேருக்குத்தானேக்கா தெரியும்."

பொய் சொல்லியிருக்கலாம். குயவர் மேல் போட்டிருக்கலாம், மாமியார் மேல் போட்டிருக்கலாம். "லீலாகிட்ட நான்தான் சொன்னேன்," என்றேன். "சும்மா, சாப்பிடும்போது."

"சிரிச்சீங்களா?"

கையிலிருந்த டிக்கெட்டை மடித்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் எழுந்தாள். "நீ ஜன்னல் பக்கம் போ." மாறி உட்கார்ந்தோம். நான் இப்போது அவளுக்கு இடது பக்கம். கூப்பிட்டேன். சிட்டி பஸ் ஸ்டாண்டு வரும்வரை திரும்பவில்லை.